மூடி வெச்சுப் பாருங்க

வாங்ணா. வாங்க அக்கா. செருப்போடயே ஏறுங்க, பரவால்லீங்க. தல மட்டும் பத்திரம்.

வண்டிய மூடித்தான் வெச்சிருக்கறனுங்க. காரணமாத்தான். இந்த மாதிரி கேரவன் விக்கறவன் எல்லாம் என்ன பண்ணுவான்னா, பெட்டிய வெளிய தள்ளி, ரெண்டு தலவாணியப் போட்டு, ஏசிய ஓட உட்டுட்டு உங்கள உள்ள கூப்புடுவான். கல்யாண மண்டபத்துல நிக்கறாப்ல இருக்கும். வாங்கிட்டுப் போயிருவீங்க. அப்புறம் ஒரு சந்துல, ஒரு மரத்தடில, பெட்டிய வெளிய தள்ள எடமில்லாம மூடி வெச்சுக் குடும்பம் நடத்தறப்பத்தான் தெரியும். நான் அப்படி இருந்து பாத்தவன். அதனால நீங்களும் மூடி வெச்சே பாருங்க. பொய் சொல்லி யாவாரம் பண்றவன் இல்லீங்க நான்.

இதா, இந்தப் பக்கம் அடுப்பு. அந்தப் பக்கம் சோபா. நடுவுல ஒன்றரை அடி. அண்ணா, நீங்க அப்படியே நில்லுங்க. அக்கா, நீங்க அவரத் தாண்டி அக்கட்ட போங்க பாக்கலாம். முடியலீங்கில்ல? ஒண்ணு அவரு சோபா மேல ஏறி மண்டி போடோணும். இல்ல நீங்க கீழ எறங்கி நிக்கோணும். அவ்ளோதான் எடம். அந்த சோபாவோட ஒட்டுக்கா அந்தச் செவுரே வெளிய போகுமுங்க, முழுசா நாலடி. அதுக்குப் பேருதான் பெட்டி. போச்சுன்னா இது ஊடு. உள்ள வந்துருச்சுன்னா துணி வெக்கற பீரோ.

சுவிட்ச்சு வாசப்படிகிட்ட இருக்குது பாருங்க. கீழ இருக்கறது தொறக்க, மேல இருக்கறது மூட. அமுக்கிப் புடிச்சிட்டே இருக்கோணும். விரல எடுத்தா அந்த எடத்துலயே நின்னுரும். முழுசா மூட பதினெட்டு எண்ணோணும். இருங்க, இப்ப தொறக்க வேண்டாம். அவசரப்படாதீங்க.

கை என்னாச்சுன்னு பாக்கறீங்க. துண்டப் போட்டு மறைச்சாலும் தெரியத்தான் செய்யுது. தொழில்ல போனதுங்க. தண்ணிக்கு பூமில போர் போடற தொழிலு. தொளைக்கற வண்டி, ரிக்குன்னு சொல்லுவோம், அதோட ராடு விழுந்துருச்சு. ஊர்ல எல்லார்த்துக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கறேன்.

நமக்கு திருச்செங்கோடுங்க. சொந்த ரிக்கு ஒண்ணு, கூட ஒரு லாரி, பசங்க பத்துப் பேரு. தை முடிஞ்சு ஆந்திரா பக்கம் போனா ஆடில மழை எறங்கறப்பத்தான் திரும்புவோம். பசங்க லாரிக்கடில தார்ப்பாயக் கட்டிப் படுத்துக்குவாங்க. நானும் பத்து வருசம் அப்படிப் படுத்தவந்தான். கல்யாணம் ஆன வருசம் இந்த வண்டி, மெட்ராஸ்ல சினிமா சூட்டிங்குக்கு ஓடி முடிஞ்சு சும்மா நின்னுட்டிருந்துச்சு. வாங்கினேன். பொண்டாட்டிய நடிகை மாதிரி வெச்சிருக்கறான்னு ஊரே பேசுச்சுங்க. அவ பேரு சுகந்தி.

ஊர்லயே உட்டுட்டுப் போயிருக்கலாமேன்னு கேப்பீங்க. கட்டி ரெண்டு மாசங்கூட ஆகாத பொண்ண, அதும் பாக்க லட்சணமா இருக்கறவள, ஆறு மாசம் தனியா உட்டுட்டுப் போறது நல்லாவா இருக்குது? புருசன்னா யோசிக்கோணுமில்லீங்க. அதான் கூடவே கூட்டிட்டுப் போனேன்.

ஆந்திராவுல கதிரிக்கு அக்கட்ட ஒரு கடலக்காடு. சித்திரை மாசம். அங்க வண்டிய நிறுத்தின அன்னைக்கே சொல்லிட்டேன், பெட்டிய வெளிய தள்ளக் கூடாதுன்னு. ரிக்கு ஓடறப்ப கல்லுமாவு பறக்குமுங்க. அது பெட்டி ஓடற சக்கரத்துல போயி ஒக்காந்துச்சுன்னா மோட்டார் காலி. இன்னொரு காரணமும் இருந்துச்சு, மறைக்க வேண்டாம். பெட்டியோட பக்கவாட்டுல ஒரு ஜன்னல் இருக்குது. வெளிய தள்ளினா அது நேரா ரிக்கப் பாத்தாப்ல வரும். அங்க பத்து ஆம்பளைங்க சட்டையில்லாம நிப்பாங்க. பெட்டிய மூடினா ஜன்னலும் உள்ள வந்து மறைஞ்சுக்கும். குடும்பத்துக்கு அதுதானுங்க நல்லது.

அவ ஒண்ணும் மறுத்துப் பேசலீங்க. சரிங்க மாமான்னா. நல்ல பொண்ணுதான், நான் குத்தம் சொல்ல மாட்டேன். எடம்தான் பத்தல. ரெண்டு ஆளு ஒன்றரை அடில எப்படிங்க பொழங்கறது? மூணாம் நாளு டீ எடுத்துட்டு வந்தா. நான் திரும்பினேன். மொழங்கை பட்டு மொத்தமும் என் தொடைல. கொதிக்கற டீங்க. கை தானாப் போயிருச்சு. வெளிய, காத்தோட்டமா ஒரு எடத்துல நின்னிருந்தான்னா ஒரு அடியோட போயிருக்கும், கன்னம் செவந்திருக்கும், அவ்ளோதான். இங்க அவ நகர எடமில்லீங்களே. நேரா போயி சிங்க்கு முனைல தாவாங்கட்ட இடிச்சுது. பல்லு ஒண்ணு பாதி போயிருச்சு. பாதிதானுங்க. நானே தண்ணி மோந்து குடுத்து வாய் கொப்புளிக்கச் சொன்னேன்.

அப்புறம் ஒரு நாளு நான் சோறு தின்னுட்டிருக்கறேன், அவ தாண்டிப் போகோணும். சோபா மேல ஏறிப் போறா. ஏறினவ பாதம் என் மூஞ்சிக்கு நேரா வருது. தின்னுட்டிருக்கறவன் மூஞ்சிக்கு நேரா காலு. கெண்டக்காலப் புடிச்சு ஒரு இழுப்பு இழுத்தேன். நான் அடிக்கலீங்க, இழுத்தேன். அவதான் விழுந்து மணிக்கட்ட வீங்க வெச்சுக்கிட்டா. ரெண்டு வாரம் சப்பாத்தி தேய்க்க முடியலைன்னு உக்காந்துட்டா.

மொத்தமா பாத்தா நாலு தடவைதானுங்க கை நீட்டியிருப்பேன். அதுக்கு மேல இல்ல.

அந்த நேரம் தொழிலும் சரியில்ல. அடுத்தடுத்து மூணு போர்ல பொகைதான் வந்துச்சு. பொகைன்னா தெரியுங்களா? தண்ணியே இல்லாம வெறும் கல்லுமாவு பொகை மாதிரி எந்திரிக்கும். அந்த விவசாயி மண்ணுல உக்காந்து அழுவான். நாம அதப் பாத்துட்டு நிக்கோணும். அந்த மூணாவது பொகை வந்த அன்னைக்கு மத்தியானம் நான் வண்டிக்குத் திரும்பி வர்றேன். பெட்டி வெளிய தள்ளியிருக்குது. ஜன்னல் தொறந்திருக்குது. இவ உள்ள உக்காந்து சிரிச்சிட்டிருக்கறா.

யாரப் பாத்துன்னு கேக்காதீங்க. நாய்க்குட்டியப் பாத்துன்னு சொன்னா. ரிக்கு ஓட்டற குழந்தசாமி எங்கிருந்தோ ஒரு நாய்க்குட்டியப் புடிச்சிட்டு வந்திருந்தான். இருக்கலாம், நாய்க்குட்டியாவே இருக்கட்டும். நாய்க்குட்டி யாரு கையில இருந்துச்சு? அதச் சொல்லுங்க. ரப்பர் ஓஸு ஒரு மொழம் அங்க கெடந்துச்சு. அது ஒண்ணுதானுங்க நான் யோசிச்சு அடிச்சது. முதுகுல மட்டும். மூஞ்சில படாமத்தான் அடிச்சேன்.

அண்ணா டயரப் பாக்கோணுங்கறாரா? பாருங்ணா, கீழ மெக்கானிக் இருக்கறாப்டி. ஜெனரேட்டரையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. சத்தம் சித்த ஜாஸ்தியா இருக்கும், மத்தபடி ஒரு கொறையும் இல்ல. அக்கா இங்கயே இருக்கட்டும். பொம்பளைங்கதானுங்க பொழங்கப் போறாங்க, அவங்க பாக்கறதுதான் சரி.

என்னங்க அக்கா கேட்டீங்க? ஆமா, அந்தப் படுக்கற ரூமு கதவு மட்டும் புதுசு. பழைய கதவு கோணிப் போச்சு, மாத்திட்டேன். எப்படிக் கோணுச்சுன்னா அது ஒரு கதைங்க. வாங்கப் போறவங்க, உங்ககிட்ட மறைக்கறது மொறையில்ல.

இந்தக் கதவு ஹால் பக்கமாத்தான் தொறக்கும். பெட்டி வெளிய இருந்தா நல்லாத் தொறக்கலாம். பெட்டி உள்ள வர்றப்ப சோபாவோட முனை கதவத் தள்ளி மூடிட்டு முன்னால வந்து நின்னுக்கும். இப்ப நிக்குது பாருங்க. உள்ள இருக்கறவங்க என்ன தள்ளினாலும் தொறக்காது. பூட்டே தேவையில்லீங்க. மெட்ராஸ்ல கட்டினவன் யோசிக்காமக் கட்டிட்டான். எனக்கு அது ஒதவியாப் போச்சு.

ஓஸால அடிச்ச மறுநாள்ல இருந்து நான் ரிக்குக்குப் போறப்ப அவள உள்ள படுக்கச் சொல்லிட்டு, வாசப்படில நின்னு சுவிட்ச்ச அமுக்கிருவேன். பாதுகாப்புக்குத்தானுங்க. மொழி தெரியாத ஊரு. வட நாட்டுப் பசங்க நாலு பேரு வேற. நான் வந்து தொறக்கற வரைக்கும் நிம்மதியா தூங்கலாமில்லீங்க? அஞ்சு மணி நேரம், ஆறு மணி நேரம். எத்தன பொம்பளைங்களுக்கு அந்தக் குடுப்பினை இருக்குது?

வெய்யிலுன்னா வெய்யிலுதான், ஆந்திரா சித்திரை. டீசல் செலவாகுதுன்னு நான் ஜெனரேட்டர் போடறதில்ல. ஒரு தண்ணி பாட்டில் குடுத்துட்டுத்தான் போவேன். பாத்ரூமு ஹால் பக்கமா இருக்குது, அதுதான் கஷ்டமாப் போச்சு. ஒரு நாளு மெத்தைய நனைச்சு வெச்சிருந்தா. புது மெத்தைங்க. வண்டி பூராவும் நாத்தம். அதுல ரெண்டு அடி விழுந்துச்சுங்க, இல்லைங்கல. மெத்தையத் தூக்கி அவ தலைல வெச்சு வெய்யில்ல நிக்க வெச்சேன். காயோணுமில்ல.

என்னது, அதோட ஆறாச்சா? அக்கா, நீங்க எண்ணிட்டே வர்றீங்களா? நீங்க தப்பா எண்ணறீங்க. இழுத்ததெல்லாம் அடில வராதுங்க.

கத்துவாளாட்ட இருக்குது. ரிக்கு ஓடறப்ப பக்கத்துல நிக்கறவன் பேசறதே கேக்காது. ஒரு தடவ கம்ப்ரஷர நிறுத்தின நேரத்துல குழந்தசாமி வந்து, மொதலாளி, அம்மா சத்தம் கேட்டாப்ல இருந்துச்சுன்னான். அம்மா தூங்கறாங்க, கனாக் கண்டிருப்பாங்க, நீ உன் வேலையப் பாருன்னேன். அப்புறம் அவன் கேக்கல. அம்மா தூங்கறாங்கன்னு பசங்களுக்கே பழகிப் போச்சு.

அவளும் சும்மா இல்லீங்க. நான் மூடறப்ப கதவுக்கு நடுவுல தலவாணிய வெச்சிருவா. மோட்டார்ல ஒரு சின்ன டப்பி இருந்துச்சு. எது தடுத்தாலும் பெட்டிய நிறுத்திரும். தலவாணி தடுத்தவுடனே நின்னு போகும். ரெண்டு நாளு அப்படிப் பண்ணினா. மூணாம் நாளு ஸ்பேனர எடுத்துட்டு வந்து அந்த டப்பியக் கழட்டி, அவ பாக்கப் பாக்க கடலக்காட்டுல வீசினேன். இப்ப வெச்சுப் பாருன்னேன். தலவாணிய வெச்சா. பெட்டி அதையும் சேத்து நசுக்கிட்டு மூடுச்சு. பஞ்சு வெளிய வந்துருச்சுங்க. அதோட அவ அடங்கிட்டா. நான் அப்படித்தான் நெனச்சேன்.

அப்புறம் அந்த நாளு. எண்ணூத்தி நாப்பது அடில தண்ணி பீச்சி அடிச்சுது. ஆளு ஒயரத்துக்கு. விவசாயி என் கால்ல விழுந்துட்டான். கெடா வெட்டினான். பசங்களுக்கும் எனக்கும் சரக்கு. நான் நல்லாத் தின்னுட்டு, நல்லாக் குடிச்சுட்டு, உச்சி வெய்யில்ல வந்து அந்தப் படுக்கைல சாஞ்சேன். சந்தோசமா இருந்தேன், அதனால பெட்டியக் கூட வெளிய தள்ளச் சொன்னேன் பாத்துக்கங்க. அவளே தள்ளினா. காத்து வந்துச்சு. அவ நான் தின்ன எலையச் சுருட்டிட்டிருந்தா. தூங்கிட்டேன்.

மோட்டார் சத்தம் கேட்டு முழிச்சேன். அந்த சத்தம் எனக்குத் தெரியாதுங்களா? எந்திரிச்சு ஓடினேன். கதவு பாதி சாத்தியாச்சு. எடது கைய உட்டு நெலவுச் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவுல புடிச்சேன். நின்னுரும்னு நெனச்சேன். நானே டப்பியக் கழட்டி வீசினது அந்த நேரத்துக்கு ஞாபகத்துல இல்லீங்க.

அவ வாசப்படில நின்னுட்டிருந்தா. சுவிட்ச்சு மேல விரலு. சந்துல அவ மூஞ்சி தெரிஞ்சுது. அழுகலீங்க. கோவமும் இல்ல. அரிசில கல்லுப் பொறுக்கறப்ப பாப்பாங்களே, அப்படிப் பாத்துட்டு நின்னா. விரல எடுடின்னேன். எடு சுகந்தின்னேன். எடுத்துரு கண்ணு, உன்னைய ஊர்ல கொண்டு போயி உட்டர்றேன்னேன். பதினெட்டு எண்ணற நேரம்னா கொஞ்சமாங்க அது? அதுல எந்த எண்ணுலயும் அவ நிறுத்தியிருக்கலாம். எலும்பு நொறுங்கற சத்தம் எனக்கும் கேட்டுச்சு, அவளுக்கும் கேட்டிருக்கும். அதுக்கப்புறமும் அமுக்கினா. கடைசில ஒண்ணே ஒண்ணு சொன்னா.

"தூங்குங்க மாமா."

வாசக் கதவப் பூட்டிட்டு எறங்கிப் போயிட்டா. குழந்தசாமிகிட்ட, மொதலாளி தூங்கறாரு, யாரும் எழுப்ப வேண்டாம்னாருன்னு சொல்லியிருக்கறா. அவன் சரிங்கம்மான்னு, போர்ல இருக்கற மண்ணக் கழுவ ரிக்க ஓட்டியிருக்கறான். அந்த விவசாயி பையன் பைக்குல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டா. நான் கத்தினேன். அஞ்சு மணி நேரம் கத்தினேன். கை மாட்டினவாக்குல உக்காரவும் முடியல, நிக்கவும் முடியல. உள்ள அடுப்பாட்டக் காயுது. தண்ணி பாட்டில் கூட வெக்காமப் போயிட்டாளுங்க. நான் அவளுக்கு ஒரு நாளாவது வெக்காமப் போயிருக்கறனா? பொழுது சாயறப்ப குழந்தசாமி பைப்பு அளவு கேக்க வந்துதான் பாத்தான். அனந்தப்பூர்ல ஆஸ்பத்திரில கைய எடுத்துட்டாங்க.

போலீசுக்குப் போகலீங்க. பொண்டாட்டி கைய நசுக்கிட்டான்னு எழுதிக் குடுக்க முடியுமா? அதனால ராடு விழுந்துருச்சு. அவ கோர்ட்டுல விவாகரத்து கேட்டா, நானும் பேசாமக் கையெழுத்துப் போட்டுட்டேன். மனசு உட்டுப் போச்சு. நான் அப்படி என்ன பண்ணிட்டேன்னு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல அக்கா. ராத்திரி பகலா யோசிச்சுப் பாத்துட்டேன். எடம் பத்தாததுதானுங்க அத்தனைக்கும் காரணம்.

அதான் இத வித்துட்டு பெருசா ஒண்ணு கட்டச் சொல்லியிருக்கறேன், கரூர்ல. ரெண்டு பக்கமும் பெட்டி தள்ற வண்டி. எட்டடி அகலம் கூடும். எனக்கு ஆவணில கல்யாணம் வெச்சிருக்குதுங்க. பொண்ணு சின்னப் பொண்ணு, இருவத்தி ரெண்டு. அப்பன் கெடையாது, அண்ணன் தம்பி கெடையாது, அம்மா மட்டுந்தான். கேக்கறதுக்கு நாலு பேரு இருக்கற எடத்துல எடுத்தா நெம்பப் பேசுவாங்க, அதான் பாத்து எடுத்திருக்கறோம். அவங்ககிட்டயும் ராடு விழுந்த கதைதான் சொல்லியிருக்கறேன். இந்தத் தடவ முன்னெச்சரிக்கையா இருக்கறனுங்க. சுவிட்ச்ச வெளிப்பக்கம், பூட்டுப் போட்டு வெக்கச் சொல்லிட்டேன். சாவி என் இடுப்புல இருக்கும்.

தொறந்து காட்டறதா? இப்பக் காட்டலாம், மூடி வெச்சுப் பாத்தாச்சில்ல. நகருங்க அக்கா. இதா, கீழ் சுவிட்ச்சு. பாத்தீங்களா, எவ்ளோ சீரா போகுது. சத்தங்கூட லேசாத்தான். நாலடி. இப்ப சொல்லுங்க, ஊடு மாதிரி இல்ல?

எங்க நின்னேனா? இதா, இங்கதானுங்க, இந்தக் கதவுகிட்ட. நான் உள்ள இப்படி நின்னேன், கதவு இவ்ளோ தொறந்திருந்துச்சு. கைய இப்படி நெலவுல வெச்சேன். இந்தக் கை இல்ல, அந்தக் கை. புரியறதுக்காகக் காட்டறேன்.

அக்கா, அது மேல் சுவிட்ச்சு. அது மூடறது. கைய எடுங்க.

எடுங்க அக்கா, பெட்டி வருது, அந்த டப்பிய நான் திரும்ப மாட்டலீங்க. கதவத் தள்ளுது பாருங்க. எனக்கு இருக்கறது இது ஒண்ணுதானுங்க. கைய உள்ள இழுத்தேன்னா உள்ளயே மாட்டிக்குவேன், அதுக்கப்புறம் என்னால அங்க இருக்க முடியாது, மூச்சு நின்னுரும். அண்ணா. அண்ணோவ். ஜெனரேட்டர நிறுத்தச் சொல்லுங்க, அவருக்குக் கேக்கல.

என்ன? பேரா? அந்தப் பொண்ணு பேரு உங்களுக்கு எதுக்குங்க?

சொல்றேன். இந்துமதி. இந்துமதிங்க. குன்னத்தூருக்குப் பக்கத்துல. ரேசன் கடைக்குப் பின்னால மூணாவது ஊடு, அம்மா தையல் மிசின் வெச்சிருக்கறாங்க. போதுங்களா? நம்பரும் சொல்லோணுமா? சொல்றனுங்க, எனக்கு மனப்பாடமாத் தெரியும். உட்டு உட்டு அமுக்காதீங்க, விரல எடுத்துட்டுக் கேளுங்க, ஓடிர மாட்டேன்.

தொண்ணூத்தி நாலு. நாப்பத்தி ரெண்டு.

மிச்சமும் சொல்றனுங்க. விரல எடுங்க அக்கா.